ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளிக்கூடம்? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், ஸ்காலர்ஷிப் சந்தேகங்கள் (வேலூர், குடியாத்தம் பக்கம்)

குடியாத்தம்_தறி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ரெண்டு பேர் காலேஜ் போறாங்க. அரசாங்கம் பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு தர்ற மாசம் 1000 ரூபாய் விஷயத்துல ரெண்டு பேருக்கும் சிக்கல். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தங்கச்சி ஆறும் ஏழும் ஊர்லயே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில படிச்சா. கொரோனாவுல தறி நின்னதும் ஃபீஸ் கட்ட முடியல, எட்டாவதுல அரசுப் பெண்கள் பள்ளிக்கு மாத்திட்டோம். ப்ளஸ் டூ வரைக்கும் அங்கதான். இப்போ வேலூர்ல ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியில பி.எஸ்சி கணிதம் முதல் வருஷம். புதுமைப் பெண் லிஸ்ட்ல அவ பேரு வரலை. காலேஜ் ஆபீஸ்ல கேட்டா "உனக்குத் தகுதி இல்லைமா"ன்னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க.

தம்பி ஆறுல இருந்து ப்ளஸ் டூ வரை சுத்தமா அரசுப் பள்ளி. 2024ல பாலிடெக்னிக் சேர்ந்தான், தமிழ்ப் புதல்வன் பணம் சில மாசம் வந்துச்சு. அது ஒத்துவராம நின்னுட்டு, அடுத்த வருஷம் இங்கயே அரசுக் கல்லூரியில பி.காம் சேர்ந்துட்டான். பணம் நின்னுபோச்சு. காலேஜ் மாறினா பணமும் கூட வராதா?

இசேவை_வேலப்பாடி

மொதல்ல தங்கச்சி மேட்டர். அந்த மெட்ரிக்ல ஆர்டிஇ சீட்டா (கல்வி உரிமைச் சட்டத்துல ஃபீஸ் இல்லாம தர்றது), இல்ல துட்டு கட்டிப் படிச்சதா? அதச் சொல்லுபா, மத்ததெல்லாம் அப்புறம்.

குடியாத்தம்_தறி

துட்டு கட்டித்தான் ண்ணா. ரசீது எல்லாம் அம்மா பத்திரமா வெச்சிருக்காங்க.

இசேவை_வேலப்பாடி

அப்போ கஷ்டம்பா. ஆர்டிஇ 25 சதவீதத்துல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் தனியார்ல படிச்சிட்டு, ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளின்னா கணக்குல எடுத்துக்குவாங்க. துட்டு கட்டினவங்களுக்கு அந்த வழி கெடையாது. நம்ம இ-சேவை சென்டருக்கு வர்ற பாதிப் பேரு "ஒன்பதுல இருந்து கவர்மெண்டுதானே சார், போதாதா"ன்னு கேட்டுகினு வராங்க. யாரு கெளப்பி வுட்டாங்களோ தெரியல.

ஸ்காலர்ஷிப்_செக்ஷன்

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே வரியில் அனுப்பினால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? விதியைச் சொல்கிறேன்.

புதுமைப் பெண் தொடங்கியது 2022 செப்டம்பர் 5. அதற்கு முன் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியது நல்ல காரியம் என்பது என் எண்ணம். வேறு மாதிரி நினைக்கிற தாய்மார்களும் நம் ஊரில் உண்டு.

தகுதியில் குடும்ப வருமானம் கிடையாது, சாதி கிடையாது, ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடுதலாக வரும். இத்தனை தாராளமான திட்டத்தில் கறாராக இருப்பது ஒன்றே ஒன்று, முன்னால் எங்கே படித்தாய் என்பது. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி என்றால் பள்ளிக்கல்வித் துறை மட்டும் இல்லை. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு, பிற்படுத்தப்பட்டோர் நலம், வனத்துறைப் பள்ளி எல்லாம் சேரும். 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது, அளவுகோல் ஏறக்குறைய அதேதான். அஞ்சல்வழிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. முதுகலைக்கும் கிடையாது.

ஆகவே குடியாத்தம் தம்பி, உங்கள் தங்கைக்கு அந்த இரண்டு வருடம் குறுக்கே நிற்கிறது. கல்லூரி அலுவலகத்தில் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை.

ஆனால் நீங்கள் பிசி அல்லது எம்பிசி என்றால், அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு இலவசக் கல்வித் திட்டம் தனியாக இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய் என்று அதில் யாரும் கேட்கமாட்டார்கள். தங்கைக்கு அதைப் போட்டீர்களா?

குடியாத்தம்_தறி

நாங்க பிசிதான் சார். புதுமைப் பெண் இல்லைன்னா எதுவுமே இல்லைன்னு நெனச்சி அவ எதுக்குமே எழுதிப் போடலை.

சித்தூர்_ரோடு

இந்த "தமிழ்நாட்டில்"ங்கிற வார்த்தையால அடிபட்டவங்க கதைய யாரும் பேசறதில்ல. காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் பக்கம் வந்து பாருங்க. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சித்தூர். எங்க அக்கா பொண்ணு ஆறாவது, ஏழாவது ஆந்திராவுல அரசுப் பள்ளியில படிச்சா, ஏன்னா மாமா அங்க கல்குவாரியில இருந்தாரு. அதுவும் அரசுப் பள்ளிதான், அங்கயும் மதிய சாப்பாடுதான், அங்கயும் ஃபீஸ் இல்லதான். இங்க வந்து எட்டுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்வழி. கெடைக்கல.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போற குடும்பங்களுக்கும் இதே கதைதான். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் எத்தனை வீடு ரெண்டு வருஷம் அங்க, ரெண்டு வருஷம் இங்கன்னு இருக்கு! புள்ளைங்க கன்னடப் பள்ளியில ஒரு வருஷம் உட்கார்ந்துட்டு வருது. ஏழைங்கதான் இப்படி அலையறாங்க, திட்டமும் ஏழைங்களுக்குத்தான். ரெண்டும் எங்கயோ உரசுது.

கொசப்பேட்டை_2005

சித்தூர் ரோடு அண்ணா சொல்றது வருத்தமான விஷயம்தான். ஆனா ஒரு கோடு எங்கயாவது போட்டுத்தானே ஆகணும்? ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளியில வெச்சா பின்னாடி காலேஜ்ல மாசம் 1000, டாக்டர், இன்ஜினியரிங் மாதிரி படிப்புல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, அதுல சீட் கெடைச்சா ஃபீஸையே அரசாங்கம் கட்டுதுன்னா, பெத்தவங்க மெட்ரிக் பக்கம் போகாம யோசிப்பாங்க இல்ல? திட்டத்தோட நோக்கமே அரசுப் பள்ளிய நிமித்தறதுதான்.

சித்தூர்_ரோடு

தம்பி, ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு ஏழு வருஷம் கழிச்சி வரப்போற ஆயிரத்துக்காக ஊர்ல எவன்பா பள்ளிக்கூடம் மாத்துவான்? 7.5 சதவீதத்துக்கு வேணும்னா மாத்துவான், டாக்டர் கனவு இருக்கறவன். இந்தக் குடியாத்தம் பொண்ணு எட்டாவதுல அரசுப் பள்ளிக்கு வந்ததுக்கு ஆயிரமா காரணம்? தறி நின்னது காரணம். காசு இல்லாம வந்தவங்களுக்குத்தான் இது இல்லைங்குது.

கொசப்பேட்டை_2005

அது சரிதான். ஏழாவது வரை காசு கட்டினாங்கங்கிறதுக்காக எட்டாவதுல காசு இருந்ததுன்னு அர்த்தம் இல்ல. ஒத்துக்கறேன். ஆனா வருமானச் சான்று கேக்க ஆரம்பிச்சா அதுக்கு ஒரு வரிசை, அதுக்கு ஒரு லஞ்சம். பள்ளிக்கூடத்தை வெச்சி முடிவு பண்றதுல அந்தத் தொல்லை இல்ல. எமிஸ்ல, அதான் பள்ளிக்கூடப் புள்ளைங்களோட கம்ப்யூட்டர் பதிவுல, தானா தெரியும்.

மலையடிவாரம்

பீஞ்சமந்தை பக்கம் மலைப் பள்ளியில ஆசிரியை. இங்க இருந்து பார்த்தா இந்தத் திட்டம் வேற மாதிரி தெரியும். ஜவ்வாது மலைப் புள்ளைங்களுக்கு உண்டு உறைவிடப் பள்ளிய விட்டா வேற பள்ளியே கிடையாது. அதனால தகுதி பத்தின சண்டையே இங்க இல்ல. ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிதான். இங்க சிக்கல் எல்லாம் காகிதத்துல.

போன வருஷம் ஒரு பொண்ணு. எட்டு வரைக்கும் ஒரு பள்ளி, ஒன்பது, பத்து இன்னொண்ணு, மேல்நிலைக்கு அணைக்கட்டுப் பக்கம் மூணாவது பள்ளி. எமிஸ்ல ஏழாம் வகுப்புக்கு ஒரு வருஷம் காலியா கெடந்தது. அந்த வருஷம் இடையில நின்னு, திரும்ப வந்து சேர்ந்த புள்ள. சரிபார்க்கறவங்க அந்தக் காலியப் பார்த்துட்டு "இந்த வருஷம் தனியார்ல படிச்சாளா"ன்னு கேட்டாங்க. நடுநிலைப் பள்ளி தலைமையாசிரியர்கிட்ட போய்ப் படிப்புச் சான்று வாங்கினோம். ஒரு வெள்ளைத் தாள்ல கட்டம் போட்டு, வகுப்பு, கல்வியாண்டு, பள்ளி, பயிற்றுமொழின்னு நாலு பத்தி, கீழ பச்சை மையில கையெழுத்து, வட்ட முத்திரை. பழைய சேர்க்கைப் பதிவேட்ட அலமாரியில இருந்து எடுத்தப்போ முனையெல்லாம் கரையான் தின்னு இருந்தது. நல்லவேளை, அவ பேரு நடுப்பக்கத்துல.

ப்ளஸ் டூ முடிச்சி டிசி வாங்கும்போதே ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்குமான படிப்புச் சான்றையும் சேர்த்து வாங்கி வெச்சிடுங்க. காலேஜ் சேர்ந்த பிறகு மலை ஏறி எறங்க முடியாது.

தமிழ்வழி_ஆற்காடு

உதவிபெறும் பள்ளிக்காரங்களுக்கு ஒரு கேள்வி. நான் ஆற்காட்டுல உதவிபெறும் பள்ளியில பத்து வரைக்கும் தமிழ்வழி, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அதே பள்ளியில ஆங்கிலவழி. பள்ளி மாறவே இல்ல, வகுப்பறை மட்டும் எதிர்த்தாப்புல மாறுச்சு. எனக்கு உண்டா?

ஸ்காலர்ஷிப்_செக்ஷன்

உதவிபெறும் பள்ளிக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்வழி வேண்டும். கடைசி இரண்டு வருடம் ஆங்கிலவழி என்றால் இல்லை. அரசுப் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது என்பதையும் கவனியுங்கள். இதைப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பள்ளியிலும் சொல்வதாகத் தெரியவில்லை. குரூப் எடுக்கும்போது மார்க்கைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது தம்பி விஷயம். எட்டு, பத்து, பன்னிரண்டு இவற்றில் ஏதோ ஒன்றை முடித்துவிட்டு முதன்முறையாகச் சேர்கிற படிப்புக்கு மட்டும், அதை இடைநிற்றல் இல்லாமல் முடிக்கும் வரை. இதுதான் விதி. உங்கள் தம்பியின் முதல் படிப்பு பாலிடெக்னிக். அதை விட்டுவிட்டு வேறு படிப்பில் சேர்ந்தால் அது இரண்டாவது படிப்பு. கல்லூரியைத் தவறு சொல்ல முடியாது.

குடியாத்தம்_தறி

ஒரு வருஷம்தானே சார் போனான். டிப்ளமோ முடிக்கவே இல்லையே?

ஸ்காலர்ஷிப்_செக்ஷன்

முடித்தாரா என்பது கேள்வி இல்லை, சேர்ந்தாரா என்பதுதான் கேள்வி. சேர்ந்தார், பணமும் வாங்கினார். ஆனால் ஒன்று. திட்டம் சமூகநலத் துறையுடையது, கல்லூரியுடையது இல்லை. ஏன் நின்றார் என்பதற்கு உடல்நிலை, குடும்பச் சூழல் என்று காரணம் இருந்தால், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாவட்டச் சமூகநல அலுவலருக்கு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இசேவை_வேலப்பாடி

அத்தோட இன்னொண்ணு. பழைய பாலிடெக்னிக்ல அவன் பேரை யூமிஸ்ல (காலேஜ் புள்ளைங்களோட கம்ப்யூட்டர் பதிவு) "நின்னுட்டான்"னு போட்டாங்களான்னு பாரு. எங்க ஏரியா பையன் ஒருத்தன், பழைய எடத்துல இன்னும் படிச்சிகினு இருக்கான்னே காட்டுது. புதுக் காலேஜ்ல எந்த ஸ்காலர்ஷிப் போட்டாலும் எடுக்கல. ஆயிரம் வுடு, பிசி ஸ்காலர்ஷிப்பும் மாட்டிக்கும். டிசி குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனைக்காதீங்கோ. கம்ப்யூட்டர்ல இருந்து பேரு எறங்கணும்.

பாலாறு_பக்கம்

நான் எஸ்சி. பி.ஏ வரலாறு முடிச்சிட்டு இப்போ காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில மூணு வருஷ எல்எல்பி. ஆயிரத்தப் பத்திப் பேசறீங்க, பத்தாவதுக்கு மேல படிக்கற எங்களுக்கு வர்ற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் கணக்கு முழுசா வேற. அதுல பள்ளிக்கூடம் எங்கன்னு கேக்கமாட்டாங்க. பெத்தவங்க வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். முன்னாடி என்ன படிச்ச, இப்போ அதே படியில திரும்ப நிக்கறியா, மேல ஏறியிருக்கியான்னுதான் பார்ப்பாங்க.

பி.ஏ முடிச்சவன் திரும்ப பி.காம் சேர்ந்தா கெடையாது. எம்.ஏ தமிழ் முடிச்சிட்டு எம்.ஏ வரலாறுன்னாலும் கெடையாது. ஒரே படி, பாடம்தான் வேற. ஆனா கலை, அறிவியல் பட்டம் முடிச்சிட்டு தொழில்படிப்புக்குப் போனா உண்டு. நான் வந்ததே அப்படித்தான். பி.ஏ-வுல ஃபெயில் ஆனவனே தொழில்படிப்புல சேர்ந்தா கூட உண்டு, ஆனா அதுக்கப்புறம் படிப்பு மாத்த முடியாது. முன்னல்லாம் ஒரு தொழில்படிப்பு முடிச்சிட்டு இன்னொண்ணு சேர்ந்தா கெடையாது. பி.எட் முடிச்சிட்டு சட்டம்னா இல்ல. 1980-81ல இருந்து ரெண்டு தொழில்படிப்பு வரைக்கும் விட்டுட்டாங்க.

இது தெரியாம எங்க தெருவுல ஒரு அக்கா பி.ஏ முடிச்சிட்டு வேலை கெடைக்கலைன்னு திரும்ப பி.எஸ்சி சேர்ந்தாங்க. ஸ்காலர்ஷிப் வரும்னு நம்பி ஹாஸ்டல்ல சேர்ந்துட்டாங்க. பாதி வருஷத்துல தெரிஞ்சிது, வராதுன்னு. பி.எட் சேர்ந்திருந்தா வந்திருக்கும்.

தொகையும் தெரிஞ்சிக்கோங்க. 2021 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண பட்டப்படிப்புக்குப் படிப்பு உதவி வருஷத்துக்கு வீட்டுல இருந்து போறவங்களுக்கு 3000, ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு 6000. ஃபீஸ் தனி. மத்திய அரசு பங்கு 60, மாநிலம் 40. மத்திய பங்கு நேரா நம்ம ஆதார் இணைச்ச கணக்குக்கு வருது. அதை எடுத்து காலேஜ்ல கட்டவேண்டியது நம்ம வேலை. அங்கதான் பல பேரு பைக் ட்யூவுக்குக் கட்டிட்டு முழிக்கறாங்க.

கொசப்பேட்டை_2005

வீட்டுல மொதல்ல பட்டம் படிக்கறவங்களுக்கு ஃபீஸ்ல கழிக்கற முதல் பட்டதாரி சலுகைக்கும் இந்த முன்படிப்பு விதி உண்டா? எங்க வீட்டுல நான்தான் மொதல்ல இன்ஜினியரிங். ஆனா எங்க அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் தபால்ல பி.ஏ எழுதி பாஸ் பண்ணிட்டாங்க.

இசேவை_வேலப்பாடி

அம்மா பட்டதாரி ஆயிட்டாங்க, நீ முதல் பட்டதாரி கெடையாது கண்ணு. பட்டம் நேர்ல வாங்கினாலும் தபால்ல வாங்கினாலும் பட்டம்தான். தாத்தா, பாட்டி ரெண்டு பக்கமும், அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க, இதுல ஒருத்தர் பட்டதாரின்னாலும் சர்டிபிகேட் வராது. டிப்ளமோ, ஐடிஐ முடிச்சவங்க இருந்தா பரவால்ல, அது பட்டம் கெடையாது. 60 ரூபா கட்டிப் போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் வீட்டுல கேட்டுட்டு வா. விஏஓ வீட்டுக்கு வந்து கேக்கறப்போ பாட்டி பெருமையா "என் மருமக பி.எஸ்சி"ன்னு சொல்லி மாட்டிக்கின கேஸெல்லாம் நம்மகிட்ட இருக்குது.

கொசப்பேட்டை_2005

அம்மா படிச்சதுக்கு எனக்கு 25,000 நஷ்டமா! சரி, அவங்ககிட்ட சொல்லமாட்டேன். ஒரு வருஷம் அழுவாங்க.

பேரணாம்பட்டு_அக்கா

குடியாத்தம் தம்பி, ஒரு விஷயம் கேக்கறேன். உங்க வீட்டுல யாராச்சும் பீடி சுத்தறாங்களா? அம்மா, அத்தை யாராவது?

குடியாத்தம்_தறி

அம்மா சுத்தறாங்க அக்கா. தறி நின்னதுல இருந்து அதுதான் வீட்டு வருமானம். கார்டு கூட இருக்கு.

பேரணாம்பட்டு_அக்கா

அப்போ இத்தனை நேரம் என்னத்துக்கு ஆயிரத்தையே சுத்திகிட்டு இருந்தீங்க! பீடித் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் நலத்துல இருந்து தனி ஸ்காலர்ஷிப் இருக்கு. என்எஸ்பின்னு மத்திய அரசோட ஸ்காலர்ஷிப் போர்டல், அதுல போடணும். அதுல மெட்ரிக்கா, அரசுப் பள்ளியான்னு பிரிவினை இல்ல. முன்னாடி படிச்சதுல அவங்க பாக்கறது ஒண்ணுதான், கடைசியா எழுதின பரிட்சைய மொத தடவையிலயே பாஸ் பண்ணியிருக்கணும். ப்ளஸ் டூல அரியர் வெச்சி அப்புறம் பாஸ் ஆனா சிக்கல். உங்க தங்கச்சி எப்படி?

குடியாத்தம்_தறி

ஒரே தடவை பாஸ் அக்கா. 500க்கு மேல. தம்பியும் மொத தடவையிலயே பாஸ்தான்.

பேரணாம்பட்டு_அக்கா

தங்கச்சிக்குக் கண்டிப்பா போடுங்க. எங்க பெரிய பொண்ணு இதுலதான் படிச்சா. தம்பிக்கு இசேவைக்காரர் சொன்னத மொதல்ல முடிங்க, பழைய பேரு எறங்கட்டும். போஸ்டல்ல படிக்கறவங்களுக்கு மட்டும் இது கிடையாது.

ஸ்காலர்ஷிப்_செக்ஷன்

சகோதரி சொன்னது நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும். புதுமைப் பெண் மாதிரி இது "கூடுதலாக" வருவதில்லை. வேறு இடத்தில் உதவித்தொகை வாங்குகிறவருக்கு பீடித் தொழிலாளர் உதவித்தொகை இல்லை என்பது அதன் நிபந்தனை. பிசி இலவசக் கல்வியில் உங்கள் கல்லூரியில் எவ்வளவு வரும் என்று அலுவலகத்தில் கேட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குப் போடுங்கள். இரண்டிலும் போட்டால் ஆதார் ஒன்றுதான், மாட்டிக்கொள்வீர்கள்.

குடியாத்தம்_தறி

காலேஜ்ல இன்னிக்கு அவளையே அனுப்பிக் கேட்டோம் சார். பிசி-யில கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம் கொஞ்சம்தான் வரும், உதவிபெறும் பிரிவுல ஃபீஸே கம்மிங்கறாங்க. அதனால பீடி கார்டுல போடலாம்னு முடிவு. தம்பிக்கு பாலிடெக்னிக்ல போய் யூமிஸ் பேரை எறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டோம். சமூகநலத்துக்கு மனுவும் எழுதறோம், அப்பாவோட ஆஸ்பத்திரி சீட்டை வெச்சி. அவன் நின்னதே அந்த நேரத்துலதான்.

இசேவை_வேலப்பாடி

நல்லது. என்எஸ்பி போடறதுக்கு முன்னாடி அம்மாவோட பீடி கார்டுல பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்குதான்னு பாரு. கார்டுல அப்பா பேரு இனிஷியலு, ஆதார்ல வூட்டுக்காரர் பேரு இனிஷியலுன்னு நூத்துக்கு அம்பது பேரு வராங்க. வேற வேறன்னா மொதல்ல அதை சரி பண்ணு. அப்புறம் தங்கச்சிய கூட்டினு சென்டருக்கு வா, ஓடிபி அவ போனுக்குத்தான் வரும்.